பழங்காநத்தம் முதல் பேரையூர் வரை: தம்பி படத்துக்கு விழுந்த மாலை

இந்தத் தளத்தில் நான் வழக்கமாக அருவி, மலைப்பாதை, நல்ல புரோட்டாக் கடை என்று எழுதுகிறவள். போன பதிவில் குரங்கு என் கைப்பையைப் பிடுங்கியதற்கே அரைப் பக்கம் புலம்பியிருந்தேன். இந்தப் பதிவில் அருவி கிடையாது. மூன்று கிலோமீட்டர் நடை, சுமார் ஐம்பது கிலோமீட்டர் பஸ், கடைசியில் நாலு கிலோமீட்டர் ஆட்டோ, அவ்வளவுதான் பயணம். ஆனால் இதற்குள் நான் பட்ட பயத்தை எந்த மலையிலும் பட்டதில்லை. போர் வேண்டாம் என்று ஊர்வலம் போக நினைக்கிறவர்கள், குறிப்பாக மதுரைப் பக்கம் இருப்பவர்கள், ஒருதரம் படித்துவிட்டுப் போங்கள்.

எல்லையில் குண்டு விழ ஆரம்பித்திருந்த வாரம் அது. என் தம்பி குமார் ராணுவத்தில் இருக்கிறான். எங்கே என்று கேட்டால் "வடக்க" என்பான். அதற்கு மேல் சொல்லமாட்டான். ஞாயிற்றுக்கிழமை கடைசியாகப் பேசினான். "கொஞ்ச நாளைக்குப் போன் வராதுக்கா. அம்மாவ டிவி பாக்க வேணாம்னு சொல்லு" என்றான். அதன்பிறகு அவன் போன் அணைந்தே கிடந்தது. அம்மா பேரையூருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊரில் தனியாக இருக்கிறாள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. நான் பழங்காநத்தத்தில் இருக்கிறேன். அம்மாவை டிவி பார்க்காதே என்று சொல்லிவிட்டு, இங்கே நான் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் மாதிரி ஸ்கோர் சொன்னார்கள்.

எங்கள் தெருவில் ஜோதி டீச்சர் என்று ஒருவர். கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை காலை கதவைத் தட்டினார்.

"நாளைக்குக் காலைல போர் வேணாம்னு நடக்கப் போறோம். ரவுண்டானால இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும். நீயும் வாரியா?"

"டீச்சர், என் தம்பி பட்டாளத்துல இருக்கான்."

"அதுக்காகத்தான்மா கூப்பிடுறேன். பட்டாளத்துல பிள்ளைய வச்சிருக்க வீட்டுல இருந்து ஒருத்தராச்சும் வந்தா, எவனும் நம்மள தேசத்துரோகின்னு வாயத் தெறக்க முடியாதுல்ல?"

கெட்டிக்காரர். எனக்குக் கோபம்கூட வந்தது. "அவன் வேலைக்கு எதுவும் ஆயிராதே?" என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். ஆகாது என்று அடித்துச் சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். அந்தத் "தெரியாது" மட்டும்தான் அந்த வாரம் எனக்கு ஒருவர் சொன்ன உண்மை. வாரேன் என்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அவரவர் வீட்டுப் பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்து, இவன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று கேட்டு நடப்பதாகத் திட்டம். குமாரின் சீருடைப் படத்தைப் பெரிதாக்க ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கொடுத்த படத்தில் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அண்ணே, இவன் உயிரோட இருக்கான்ணே" என்றேன். பதறிப்போய்விட்டார் மனிதர். "மன்னிச்சுக்கம்மா, இந்த சைஸ்ல யாரும் வேறெதுக்கும் கேக்க மாட்டாகம்மா" என்று விளக்கை எடுத்துவிட்டு வேறு போட்டுக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை. அவர் காசு வாங்காததுதான் இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. பழங்காநத்தம் ரவுண்டானாவில் அறுபது பேர் இருந்திருப்போம். எல்லோரும் வெள்ளை உடை. அனுமதி கொடுத்திருந்தார்கள், நிபந்தனையோடு: கோஷம் கூடாது, மைக் கூடாது, ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும். முன்னால் "போர் வேண்டாம்" என்று ஒரே ஒரு துணிப் பதாகை. அதற்குப் பின்னால் மூன்று மூன்று பேராக வரிசை. படம் கொண்டுவந்தவள் நான் ஒருத்திதான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இன்னும் இரண்டு குடும்பம் வருவதாகச் சொல்லி, கடைசி நேரத்தில் பயந்துகொண்டு வரவில்லையாம். அவர்களைக் குற்றம் சொல்ல நான் யார்? எனக்கும் ஓடிவிடத்தான் இருந்தது. சுடிதாருக்குள் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது.

டி.பி.கே. ரோட்டில் நடந்தோம். வசந்த நகர் தாண்டும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் பக்கவாட்டில் நடந்துகொண்டே எங்கள் முகங்களை வீடியோ எடுத்தார். அது அவர் வேலை. ஆனால் கேமரா என்மேல் நின்றபோதெல்லாம் நான் படத்தை முகத்துக்கு நேராகத் தூக்கினேன். பிறகு தம்பியைக் கேடயமாகப் பிடிக்கிறேனே என்று உறைத்து இறக்கினேன். இரண்டு பைக்கில் பையன்கள் வந்து "எதிரி நாட்டுக்கே போங்கடா" என்று கத்தினார்கள். ஒருவன் என் கையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு "டேய், மாப்ள, விடுறா" என்று மற்றவன் தோளில் தட்டினான். பைக்கை ஓரம் நிறுத்தி இறங்கி, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான். ஏன் குனிந்தான் என்று எனக்கு அப்போது புரியவில்லை. டீச்சர் சொன்னது பலித்துவிட்டது என்று ஒரு நிமிடம் தெம்பாகக்கூட இருந்தது.

ஆண்டாள்புரம் வந்தபோதுதான் கவனித்தேன். கடைக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர்கள் மடிப்பை இறக்கிவிட்டார்கள். மதுரையில் பிணம் போகும்போதுதான் இதெல்லாம் செய்வார்கள் என்று தெரியும்தானே? பதாகை முன்னால் எங்கேயோ போய்விட்டது. பின்னால் வருகிறவர்களைப் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? வெள்ளை உடை, சத்தமில்லாத கூட்டம், நடுவில் ஒரு பெண், அவள் கையில் சீருடை போட்ட பையனின் படம். நாட்டில் சண்டை வேறு நடக்கிறது. அறுபது பேரில் ஒருவருக்கும் இது முன்கூட்டித் தோன்றவில்லை. கோஷம் வேண்டாம் என்று சொன்னபோது கண்ணியமாக இருக்கும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோமே!

பூக்கடையிலிருந்து ஒருவர் ரோஜா மாலையோடு ரோட்டைக் கடந்து ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். கண் கலங்கியிருந்தது.

"தம்பி பேரு என்னம்மா?"

"குமார்."

"எந்த ஊரு?"

"பேரையூர்ப் பக்கம்."

படத்துக்கு மாலையைப் போட்டார். போட்டுவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "எம்புட்டுப் பெரிய மனசும்மா ஒங்களுக்கு" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் உயிரோடு இருக்கிறான் அண்ணே, மாலையை எடுங்கள் என்று. ஒரு நாள் முன்னால் ஸ்டுடியோவில் டக்கென்று சொன்னேனே, அதேதான். வாய் வரவில்லை. ஆறு நாளாக அணைந்து கிடக்கும் போனை நினைத்தேன். உயிரோடு இருக்கிறான் என்று நடுரோட்டில் சத்தமாகச் சொல்லி, அது பொய்யாகிவிட்டால்? மாலை கனத்தது. ரோஜா வாசம் குமட்டியது. டீக்கடை வாசலில் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் அந்த மாலையோடு நூறடியாவது நடந்திருப்பேன். பின்னாலிருந்து ஜோதி டீச்சர் வேகமாக வந்து மாலையைக் கழற்றித் தன் பையில் திணித்தார். "நடம்மா, நடம்மா" என்றார்.

கிரைம் பிராஞ்ச் ஸ்டாப் தாண்டி, பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எட்டே முக்காலுக்கு முடித்தோம். கைது இல்லை, கல்லடி இல்லை, ஆளுக்கொரு டீ. எல்லோரும் நல்லபடியாக முடிந்தது என்று கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, கூட வந்த ஒருவர் தன் போனை எனக்குக் காட்டினார். "இது நீங்கதானே?"

நான்தான். மாலை போட்ட குமார்தான். மேலே "பேரையூர் மண்ணின் மைந்தன் குமாருக்கு வீரவணக்கம்" என்று எழுதி, சோகப் பாட்டுப் போட்டிருந்தார்கள். எங்கோ ஒரு ஸ்டேட்டஸில் தொடங்கி அதற்குள் பல கை மாறியிருந்தது.

அம்மாவுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். ஊரிலிருக்கும் பெரியப்பாவுக்கு அடித்தேன், வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். தம்பிக்கு என்ன ஆனதோ என்கிற பயம் ஒரு வாரமாகப் பழகியிருந்தது. இது புதுப் பயம். அவன் செத்துவிட்டான் என்ற சேதியை, என் முகத்தோடு சேர்த்து, அம்மாவிடம் யாராவது காட்டிவிடுவார்களே!

பயணத் தகவல் வேண்டுமென்பவர்களுக்கு: பெரியாரிலிருந்து திருமங்கலத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு, பெண்களுக்கு இலவசம், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். திருமங்கலத்தில் மாறி, டி.கல்லுப்பட்டி வழியாகப் பேரையூர் போக இன்னொரு ஒரு மணி நேரம். காரில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றவே இல்லை. எதிரே பஸ் நின்றது, ஏறிவிட்டேன். படத்தைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

திருமங்கலத்தில் ஏறிய பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்தார். கல்லுப்பட்டி தாண்டுமுன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "இங்க பாருங்களேன். நம்ம பேரையூர்ப் பையனாம். பாவம், அக்காகாரி எப்பிடி அழாம நடக்குறா பாருங்க. எனக்கெல்லாம் நெஞ்சு வெடிச்சிரும்." என் முகத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை. "அவன் சாகலக்கா" என்றேன். "ஆமாத்தா, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சாவு ஏது" என்று என் கையைத் தடவிக்கொடுத்தார். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல் காடு ஓடிக்கொண்டிருந்தது. நான் அம்மா நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பேரையூரில் ஆட்டோ எடுத்தேன், நூற்றைம்பது ரூபாய். ஆட்டோக்காரர் "அந்தப் பட்டாளத்துக்காரர் வீட்டுக்கா?" என்று தானாகவே கேட்டார். எங்கள் தெரு முனையிலேயே இறக்கிவிட்டார். அதற்குமேல் வண்டி போகாது. பந்தல்காரன் கழிகளை இறக்கிக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. எதிர்வீட்டிலிருந்து தூக்குவாளியில் காபி போய்க்கொண்டிருந்தது.

அம்மா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா அழவில்லை. என்னைப் பார்த்ததும் எல்லோரும் "யாத்தே" என்று என்மேல் விழுந்தார்கள். நான் கத்தினேன்.

"அழாதீங்க! யாரும் அழாதீங்க! குமாரு சாகல. சண்டை வேணாம்னு ஊர்வலம் போனோம். அவன் உயிரோட வரணும்னு படத்தத் தூக்கிட்டுப் போனேன். பூக்கடைக்காரரு தப்பா நெனச்சு மாலையப் போட்டுட்டாரு. அம்புட்டுத்தான்."

அழுகை நின்றது. பெரியப்பா வாசலில் இருந்து வந்தார். கோபக்காரர் இல்லை, ஆனால் எதையும் லேசில் நம்பமாட்டார்.

"சரித்தா. அப்ப அவனுக்குப் போனப் போடு. ஒரு வார்த்தை பேசச் சொல்லு. நாங்க எந்திரிச்சுப் போயிருறோம்."

போட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் குரல் சொன்னது. இந்தியில் ஒருதரம், ஆங்கிலத்தில் ஒருதரம். பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மூலையில் ஒரு அத்தை மறுபடி தொடங்கினார்.

அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "ஏன்டி, மாலைய அவரு போட்டாரு, சரி. நீ ஏன் கழட்டல?"

அம்மா என்னையே பார்த்தாள். நானும் பயந்துபோய் அவன் செத்திருப்பான் என்று பாதி நம்பிவிட்டேன் என்பதை அவள் புரிந்துகொண்டாள். எனக்கு அது தெரிந்தது. தரையில் கையூன்றி எழுந்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். அடுப்படிக்குள் போனாள்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. காபித் தண்ணிகூடப் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். தாளிக்கிற வாசம் வந்தால் அந்த வீட்டில் சாவு இல்லை என்று அர்த்தம். அம்மா கேஸைப் பற்ற வைத்தாள். பெரிய சட்டியை வைத்து, எண்ணெய் ஊற்றி, கடுகைப் போட்டாள். கடுகு வெடிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். எல்லோரும் விக்கித்துப்போய் நின்றார்கள்.

"ஆத்தி, என்ன காரியம் பண்றா இவ" என்றார் அத்தை.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "எம் மகன் செத்திருந்தா நான் அடுப்புப் பத்த வைப்பேனா? எல்லாரும் உக்காருங்க. சாம்பார் கொதிக்கப் போகுது. சாப்பிட்டுட்டுத்தான் போகணும். ஏப்பா பந்தலு, நீயுந்தான். கழியெல்லாம் வண்டில ஏத்திட்டு வந்து உக்காரு."

நான் உள்ளே போய் வெங்காயம் உரித்தேன். கிட்டத்தில் பார்த்தால் கடுகு கருகிப்போயிருந்தது. "அம்மா, ஒனக்கு எதாச்சும் சேதி வந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன். "வரல. ஒண்ணும் கேக்காத. கேக்காம உரி" என்றாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் பற்ற வைத்திருக்கிறாள். நாளைக்கே வேறு சேதி வந்தால், மகன் செத்துக் கிடந்த நேரத்தில் தாளித்து ஊருக்குச் சாப்பாடு போட்டவள் என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். அவளே தன்னை விடமாட்டாள். அதைவிடப் பெரிய தைரியத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தபோது தைரியமாகவும் தெரியவில்லை, பயமாகத்தான் இருந்தது.

முதலில் பெரியப்பாதான் இலையில் உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. அவர் சாப்பிட்டதும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கருகின சாம்பாரை ஒருவரும் குறை சொல்லவில்லை. மூன்று மணிக்குள் நாற்காலிகள் வண்டியேறிவிட்டன.

இதை ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். திங்கட்கிழமை ஆகிவிட்டது. போன் இன்னும் வரவில்லை. அம்மா மூன்று வேளையும் சமைக்கிறாள், தேவைக்கு மேல் சமைக்கிறாள். வாசனை தெருவுக்குப் போகட்டும் என்று சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தாளிக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தனி ஆள் படத்தை மதுரையில் ஊர்வலத்துக்குக் கொண்டு போகாதீர்கள். கொண்டுபோனால் கல்யாணப் படமோ, பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற படமோ, சிரித்துக்கொண்டிருக்கும் குடும்பப் படமோ கொண்டுபோங்கள். படத்தின்மேலேயே "உயிரோடு இருக்கிறான்" என்று பெரிதாக எழுதுங்கள். எழுதப் பயமாக இருந்தால் படமே வேண்டாம். வெள்ளை உடை வேண்டாம், கலர் கலராகப் போங்கள். பதாகை முன்னால் மட்டும் போதாது, கடைசி வரிசைக்கும் ஒன்று வேண்டும். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், எவ்வளவு திட்டினாலும் சரி. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டாள்புரம் வரைக்கும் நிழலே இல்லை.

ஜோதி டீச்சர் போன் பண்ணினார். அடுத்த ஊர்வலம் அலங்காநல்லூர்ப் பக்கமாம். என்னால் முடியாது டீச்சர், பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். "போயிட்டு வா. நான் நம்ம வீட்டு அடுப்பப் பத்த வச்சுட்டேன். அங்கிட்டும் இங்கிட்டும் எத்தன வீட்டுல அணைஞ்சு கெடக்கோ."

பின்சேர்க்கை, செவ்வாய் மாலை: குமார் பேசினான். யாரோ ஒருவர் நம்பரிலிருந்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "சாப்பிட்டியாய்யா?" என்று மட்டும் கேட்டாள். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. சரிய்யா, சரிய்யா என்றாள். லைன் போய்விட்டது. போனைக் கீழே வைத்தாள். முடிந்த கூந்தல் அவிழ, இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு, சனிக்கிழமை அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள். தெருவே திரண்டு ஓடிவந்தது. பெரியப்பா செருப்பில்லாமல் ஓடிவந்தார். ஒருவரும் வாசலைத் தாண்டி உள்ளே வரத் துணியவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் இந்தத் தடவை சத்தமாகச் சொன்னேன்.

"உயிரோட இருக்கான். பேசிட்டான்."